பிக் ஸ்டாரா, ஃபுகாஸியா: எது அண்டர்கிரவுண்ட்?

இந்த இரண்டு அமெரிக்க ராக் இசைக் குழுக்களுக்கும் உயிரையே விடும் ரசிகர்கள் உண்டு. ஆனால் அண்டர்கிரவுண்ட் (வெகுஜனப் பாதைக்கு வெளியே இயங்கும் இசை) என்ற பெயர் ஒன்றுக்குத்தான் பொருந்தும் என்பேன்.

மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார், ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்ற ஆசையோடுதான் பாடியது. 1972இல் வந்த முதல் ஆல்பத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விநியோகம் சொதப்பியதால் கடைகளில் இசைத்தட்டு கிடைக்கவில்லை. 1974இல் வந்த இரண்டாவதுக்கும் அதே கதி. பின்னாளில் ஆர்.இ.எம். போன்ற குழுக்கள் புகழ்ந்த பிறகே பலர் தேடிப் போனார்கள். இது கவனிக்கப்படாமல் போன அருமையான பாப் இசை, அவ்வளவுதான்.

வாஷிங்டனின் ஃபுகாஸி கதையே வேறு. குழுவின் பாடகர் இயன் மெக்கை இன்னொருவருடன் இணைந்து தொடங்கிய டிஸ்கார்ட் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்திலேயே கடைசிவரை இருந்தார்கள். கச்சேரிகளுக்கு நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலராகத்தான் இருந்தது. எந்த வயதினரும் வர முடிந்தது. டி-ஷர்ட் விற்கவில்லை. பெரிய நிறுவனங்கள் அழைத்தும் போகவில்லை. இத்தனைக்கும் ஆல்பங்கள் லட்சக்கணக்கில் விற்றன!

அப்புறம் எப்படி அண்டர்கிரவுண்ட்? எவ்வளவு விற்றது என்பதைவிட, கட்டுப்பாடு யார் கையில் இருந்தது என்பதுதான் என் அளவுகோல்.

சரி, புதிதாகக் கேட்பவருக்கு? முதலில் பிக் ஸ்டாரைத்தான் தருவேன். மெட்டுகள் உடனே ஒட்டிக்கொள்ளும். ஃபுகாஸியின் 'ரிப்பீட்டர்' (1990) அதற்கடுத்து.