பேனல் திரும்புகிறது, விமானம் அசையவில்லை: ரேடியோவை எந்த வழியில் இணைப்பது?

கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டும்போது, மேசையில் உள்ள ரேடியோ பேனலில் எண்கள் ஓடுகின்றன, திரையில் ஆட்-ஆன் விமானத்தின் (சிமுலேட்டரில் தனியாகச் சேர்த்த விமானம்) ரேடியோ மட்டும் அப்படியே நிற்கிறது. பேனல் பழுது என்று முடிவுகட்டும் முன், காக்பிட்டில் உள்ள குமிழை மவுஸால் திருப்பிப் பாருங்கள். அதுவும் அசையாவிட்டால் ஏவியானிக்ஸ் (விமானத்தின் மின்னணுக் கருவிகள்) சுவிட்சைப் போட மறந்திருக்கலாம். அது மாறினால் சிக்கல் இணைப்பில்தான்.

இணைக்க இரண்டு வழிகள். முதலாவது, சிமுலேட்டரின் பொதுக் கட்டளைகள். பேனலோடு வரும் ட்ரைவர்கள், அதாவது பேனலைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள்கள், பெரும்பாலும் இவற்றையே அனுப்பும். சிமுலேட்டரோடு வரும் செஸ்னா 172 போன்ற விமானத்துக்கு இது தாராளம். ஆனால் பேச்சு ரேடியோவின் அலைவரிசையை மாற்றும் பழைய காம் கட்டளை நான்கு இலக்கங்களைத்தான் ஏற்கும். 118.025 என்பது முதல் 1 விடுபட்டு 1802 ஆகப் போகும், கடைசி 5ஐ சிமுலேட்டரே நிரப்பிக்கொள்ளும். 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வரை சரி. ஐரோப்பாவில் இடைவெளி 8.33. அங்கே 132.010, 132.015 இரண்டும் வேறு வேறு சேனல்கள், நான்கு இலக்கத்தில் இரண்டுமே 3201தான்! முழு எண்ணையும் ஹெர்ட்ஸ் கணக்கில் வாங்கும் புதிய கட்டளை மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் இருக்கிறது, ட்ரைவர் அதை அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். லாஜிடெக் பேனலின் ஒவ்வொரு ஜன்னலிலும் ஐந்து இலக்கங்களுக்குத்தான் இடம் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, விமானத்தின் உள் மாறிகளோடு, அதாவது ஆட்-ஆன் தன் நிலையைக் குறித்துவைக்கும் மதிப்புகளோடு, நேரடியாகப் பேசுவது. பெரிய ஜெட் ஆட்-ஆன்கள் பல, ரேடியோவைத் தாங்களே எழுதி வைத்திருக்கும். பொதுக் கட்டளை வந்தாலும் கண்டுகொள்ளாது. அந்த மாறிகளோடு பேச இடையில் ஒரு நிரல் வேண்டும்: கடையில் வாங்கிய பேனல் என்றால் ஸ்பேட் நெக்ஸ்ட், ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் நீங்களே செய்தது என்றால் இலவசமான மோபிஃப்ளைட். பிஎம்டிஜி நிறுவனத்தின் 737 ஆட்-ஆனில் ஆப்ஷன்ஸ் கோப்பின் எஸ்டிகே (SDK, வெளி நிரல்களுக்கான) பகுதியில் டேட்டா பிராட்காஸ்ட்டை 1 என்று வைத்தால்தான் வெளி நிரலால் விமானத்தின் நிலையைப் படிக்க முடியும். இந்த வழியில் வேலை அதிகம். விமானத்துக்கு விமானம் தனி அமைப்பு வேண்டும், அப்டேட் வந்து மாறியின் பெயர் மாறினால் மறுபடியும் உட்கார வேண்டும்.

சிறு விமானங்கள் மட்டும் ஓட்டுபவர் முதல் வழியை விட்டு நகரத் தேவையில்லை. ஜெட் ஓட்டும் எனக்கு இரண்டாவதுதான் ஒத்துவந்தது.

இரண்டையும் சேர்த்து மட்டும் ஓட்டாதீர்கள். ஒரு கிளிக்குக்கு அலைவரிசை இரண்டு படி தாவ, குமிழ்தான் தேய்ந்துவிட்டது என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். பின்னணியில் பழைய ட்ரைவரும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் ஒரு கிளிக்குக்கு ஒரு படிதான்.