கம்பனுக்கு அச்சு, நாவலுக்கு இ-ரீடர்: செட்டிநாட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

மாதத்துக்கு நாலைந்து புத்தகம் படித்து முடிக்கிற ஒருவர், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்துகொண்டு, "இ-ரீடர் வாங்கலாமா, அச்சுப் புத்தகத்தோடு இருந்துவிடலாமா?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். என்ன படிக்கிறீர்கள்? நாவல் என்றால் ஒரு பதில். உரையோடு படிக்கும் பழைய இலக்கியம் என்றால் வேறு பதில். தாத்தா காலத்துப் பதிப்புகள்தான் வேண்டும் என்றால் இரண்டில் எதுவுமே முழுப் பதில் ஆகாது.

செல்போனில் படித்துக் கண் வலித்தவர்கள் இ-ரீடரையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது சரியில்லை. இ-ரீடர் மின்னூல் படிப்பதற்கென்றே செய்த கருவி. இ-ரீடர் திரைக்குள் மிக நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மின்னேற்றம் பெற்ற கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது மேலே வந்து நிற்பது கறுப்பா வெள்ளையா என்பதைப் பொறுத்து எழுத்து உருவாகிறது. பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் வேண்டும். மாறிய பக்கம் அப்படியே நிற்பதற்குத் தேவையில்லை. ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வருவது இதனால்தான். வளவுப் பத்தியில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் உட்கார்ந்து, முற்றத்தில் இறங்கும் வெயில் வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். செல்போன் திரை மங்கிவிடும். இ-ரீடர் இன்னும் தெளிவாகத் தெரியும். இரவுக்கு, திரையின் விளிம்பிலிருந்து எழுத்தின் மேல் பரவும் சிறு விளக்குகள் இருக்கின்றன.

நாவல் படிக்கிறவருக்கு என் ஓட்டு இ-ரீடருக்குத்தான், தயக்கமே இல்லை. தமிழில் பெரிய நாவல்கள் ஆயிரம் பக்கத்தைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. மல்லாந்து படுத்துக்கொண்டு அந்தக் கனத்தைப் பிடித்திருக்க முடியாது. கருவியின் எடையோ 200 கிராம் அளவில்தான். விடிவதற்கு முன் காரைக்குடியிலிருந்து கிளம்புகிற பல்லவன் ரயிலில் ஏறினால் சென்னை போய்ச் சேர ஏழு மணி நேரம் போல ஆகும். முதல் ஒரு மணி நேரம் இருட்டு. எதிர் இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார், விளக்கைப் போடச் சொல்ல மனசு வராது. அந்த நேரத்தில் இதைப் போல உதவுவது வேறில்லை.

வயது கூடியவர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் எழுத்தின் அளவு. மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்தால் வாசிப்பையே விட்டவர்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவரிடம், "ஆச்சி, இந்த அளவு போதுமா, இன்னும் பெரிசாக்கவா?" என்று கேட்டு எழுத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு பக்கத்தில் பத்து வரிகூட மிஞ்சவில்லை. "பரவாயில்லப்பா, நான் திருப்பிக்கிறேன்" என்றார். இப்போது தினமும் படிக்கிறார்.

கதைக்குத் தாள் தேவையில்லை என்பதற்கு ஆய்வும் ஓரளவு துணை நிற்கிறது. 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வாசிப்பை, ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2018-இல் வெளிவந்தது. தகவல் நூல்களைப் படிக்கும்போது, அதிலும் நேர நெருக்கடியோடு படிக்கும்போது, தாளில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கதைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு அச்சுதான்.

இனி கம்பன். காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இந்த ஊரின் வாசிப்பை எவ்வளவு வளர்த்தது என்பது ஊருக்கே தெரியும். பங்குனியில் விழா, அதன் நிறைவு நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில். அந்த நாட்களில் உரை கேட்டுவிட்டு வந்து வீட்டில் பாட்டைத் தேடிப் படிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த வாசிப்பை ஆறு அங்குலத் திரை தாங்காது. விருத்தத்தின் நான்கு அடிகளிலும் எதுகை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைக் கண் பார்க்க வேண்டும்; அடுத்த அடி எங்கே தொடங்கும் என்பது அப்போதுதான் வாய்க்கு முன்கூட்டியே தெரியும். திரையில் எழுத்தை இரண்டு படி பெரிதாக்கினால் அடி நடுவில் முறிகிறது, எதுகை எங்கோ வரியின் நடுவில் போய் ஒளிந்துகொள்கிறது. பாட்டு ஒரு பக்கம், பொழிப்புரை அடுத்த பக்கம், அருஞ்சொற்பொருள் அதற்கும் அப்பால் என்று ஆகிவிடும். நல்ல அச்சுப் பதிப்பில் இந்த மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும். முந்தைய படலத்துக்கு ஒரு விரலை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் போகலாம். ஆகவே கம்பன், சங்க நூல்கள், சைவ வைணவப் பாடல்கள் எதுவானாலும், கெட்டி அட்டைப் பதிப்பாகப் பணம் போட்டு வாங்குங்கள்.

பத்தாயிரம் பாட்டுக்குள் ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால் மட்டும் மின்னூல் வேண்டும். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் மூலம் இலவசமாகவே இருக்கிறது. கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் போதும், அதற்காகக் கருவி வாங்கத் தேவையில்லை.

விலைக் கணக்கைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அச்சில் உள்ள நூலின் மின்னூலுக்கு 2018-இல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த வரியோடும் தமிழ் மின்னூல் பெரும்பாலும் அச்சு விலையைவிடக் குறைவு. கருவிக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் என்றும், நூலுக்கு நூறு ரூபாய் மிச்சம் என்றும் வைத்துக்கொண்டால், 150 நூல் படித்தால் கருவியின் விலை திரும்பிவிடும். மாதம் நாலு நூல் படிப்பவருக்கு மூன்று வருடம் ஆகும். வருடத்துக்குப் பத்துப் படிப்பவருக்கு இது வேண்டாத செலவு. ஆனால் தமிழில் ஒரு தடை உண்டு. அமேசான் 2016 டிசம்பரில்தான் தமிழ் மின்னூல்களுக்கு வழி திறந்தது. பழைய பதிப்பகங்கள் பலவற்றின் நூல்கள் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. இராயவரத்து சக்தி வை. கோவிந்தன், தேவகோட்டைச் சின்ன அண்ணாமலை, வானதி திருநாவுக்கரசு என்று தமிழ்ப் பதிப்புலகுக்கு இவ்வளவு பேரைக் கொடுத்த நாடு இது. அவர்கள் கொண்டுவந்த நூல்களை எல்லாம் கருவியில் படித்துவிடலாம் என்று நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான்.

உரிமை விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து இருக்கிறது. அமேசானின் இ-ரீடரான கிண்டிலில் காசு கொடுத்து எடுப்பது படிப்பதற்கான அனுமதி மட்டுமே. விற்கவோ வேறொருவர் பெயருக்கு மாற்றவோ விதிமுறை இடம் தருவதில்லை. 2009 ஜூலையில், உரிமைச் சிக்கல் உள்ள பதிப்பு என்று சொல்லி, வாசகர்கள் வாங்கிவிட்ட ஆங்கில நாவல்கள் இரண்டை அவர்களின் கருவிகளிலிருந்து அமேசான் அழித்தது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். ஒரே வீட்டில் பல பங்காளிகள், அவர்களின் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் என்று வாழ்கிற செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. அப்பா சேர்த்த நூல்களைப் பெட்டகத்திலிருந்து எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுபோகலாம். அப்பாவின் கிண்டில் கணக்கை அப்படிப் பிரிக்க முடியாது. 2013 முதல் இயங்கிவரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் போன்ற தளங்களின், பூட்டு இல்லாத மின்னூல்களுக்கு இந்தக் குறை இல்லை. யாருக்கும் பிரதி கொடுக்கலாம்.

நீண்ட காலம் தாங்குவது எது? பூட்டிய வீட்டில் கரையானும் இராமபாணப் பூச்சியும் அச்சுக்கு எமன். மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அமிலம் இருப்பதால் அறுபது எழுபது வருடத்தில் பழுத்து, தொட்டால் உதிரும். கருவிக்கு வேறு வியாதி. லித்தியம் பேட்டரி சூட்டில் சீக்கிரம் மூப்படையும் என்று மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கிற காரைக்குடியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சார்ஜ் போடாமல் சில வருடம் அலமாரியில் கிடந்த கருவி மறுபடி உயிர்பெறாமலே போகலாம். பூச்சி அரித்த புத்தகத்தில் மிச்சப் பக்கங்களையாவது படிக்கலாம்.

மூன்றாவது வகை வாசகருக்கு வருகிறேன். 1920-களின் நாடக நூல், நின்றுபோன பத்திரிகை என்று தேடுகிறவர். இவற்றில் பல மறுபதிப்பு கண்டதில்லை, மின்னூலாகவும் இல்லை. தமிழ் இணைய நூலகத்தில் கிடைப்பதும் பெரும்பாலும் பக்கங்களை அப்படியே படமெடுத்த பிடிஎஃப். ஆறு அங்குல இ-ரீடரில் அந்த எழுத்து எறும்பாகத் தெரியும், பெரிதாக்கினால் பக்கம் திரையை விட்டு ஓடும். இவர் பத்து அங்குல டேப்லெட் வாங்குவதே நல்லது.

இந்தப் படங்களுக்கும் மூலம் யாரோ காப்பாற்றி வைத்த தாள்தான். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவை சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். புத்தகம், இதழ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் எதையும் அவர் விடவில்லை. 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரில் நூலகம் அமைய வழிசெய்தது. யாருடைய அனுமதியும் கேட்காமல் பழைய கடைகளில் வாங்கி வைக்க முடிந்ததால்தான் அது சாத்தியமானது.

பங்கு பிரிக்கிற வீட்டில் பழைய புத்தகப் பெட்டி இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றின் தலைப்புப் பக்கத்தையும் செல்போனில் படமெடுங்கள். ரோஜா முத்தையா நூலகத்துக்கோ புதுக்கோட்டையில் உள்ள ஞானாலயா நூலகத்துக்கோ அந்தப் படங்களை அனுப்பி, அவர்களிடம் இல்லாதது எது என்று கேளுங்கள். அப்புறம் கடைக்காரரைக் கூப்பிடலாம்.