விடிய விடியக் கூத்து, ஒரு 4கே கேமரா, இரண்டு எஸ்எஸ்டி: ஆறு வருட அனுபவம்

இரவு 10 மணிக்குக் களரி கட்டினால், தெருக்கூத்து முடிய விடிந்து 6 மணி ஆகிவிடும். எட்டு மணி நேரம். இடையில் யாரிடமும் இன்னொரு முறை ஆடச் சொல்ல முடியாது. திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் இந்த எட்டு மணி நேரத்தை ஒரு நிமிடம் விடாமல் பதிவு செய்து வைப்பதை 2019-லிருந்து செய்துவருகிறேன். எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்கும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி வரும், அதை எங்கே வைக்கப்போகிறாய்?

நான் வைத்திருப்பது பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே. 2018-ல் 1,295 டாலர் விலையில் அறிவிக்கப்பட்டது. வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து இரண்டு கூத்து எடுத்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியது 12-பிட் ரா, அதாவது சென்சார் பிடித்த நிறத் தகவலை அதிகம் குறைக்காமல் வைக்கும் பதிவு. துரியோதனன் வேஷத்தின் அரிதாரம், கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், மேலே குழல் விளக்கு, பக்கத்தில் கோயில் சீரியல் செட், எல்லாம் ஒரே ஃபிரேமில் வரும். அதுவரை வைத்திருந்த 8-பிட் கேமராவில் அந்தச் சிவப்பு முகம் ஒரே நிறத்தை அப்பியதுபோல விழும். கலர் கிரேடிங்கில் (எடுத்த பிறகு நிறம் திருத்தும்போது) இழுத்தால் கன்னம் திட்டுத் திட்டாக உடையும். ராவில் அந்த அரிதாரத்துக்குக் கீழே வியர்வை இறங்குவதுகூடத் தெரிந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் ராவுக்கு இடம் வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 25 ஃபிரேமில், ஷட்டர் ஆங்கிளை (ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் ஒளி வாங்கும் என்ற அளவை) 180 டிகிரியில் வைத்து எடுக்கிறேன். அப்போதுதான் குழல் விளக்கு மினுமினுக்காது. 24 ஃபிரேம்தான் வேண்டும் என்றால் 172.8 டிகிரி வையுங்கள். இந்த 25 ஃபிரேமில், முழு 4கே அளவில், பிளாக்மேஜிக் ராவின் 3:1 சுருக்கத்துக்கு நொடிக்குச் சுமார் 112 எம்பி, 5:1-க்கு 68, 8:1-க்கு 42, 12:1-க்கு 28 எம்பி எழுதப்படும். மணிக்கணக்கில் சொன்னால் 3:1-ல் 400 ஜிபி, 5:1-ல் 240, 8:1-ல் 150, 12:1-ல் 100 ஜிபி. எட்டு மணி நேரக் கூத்தை 3:1-ல் எடுத்தால் ஒரே இரவில் 3 டிபியைத் தாண்டும். 8:1-ல் எடுத்தால் 1.2 டிபி.

3:1-க்கும் 8:1-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க என் மானிட்டரில் பலமுறை முயன்றிருக்கிறேன். பச்சைத் திரை வைத்து வெட்டி ஒட்டும் வேலை என்றால் 3:1 தேவைப்படலாம். கூத்துக்கு 8:1 தாராளம். ஆறு வருடமாக அதிலேயே நிற்கிறேன்.

இதே ராவில் க்யூ0, க்யூ5 என்று தரத்தை மாறாமல் வைக்கும் முறையும் உண்டு. காட்சியில் நுணுக்கம் கூடினால் டேட்டாவும் கூடும். சுவர் முன்னால் ஒருவரை உட்காரவைத்துப் பேட்டி எடுக்கும்போது க்யூ5 போடுகிறேன், இடம் மிச்சமாகிறது. காற்றில் அசையும் வேப்பமரம் பின்னால் இருந்தால் கணக்கு வேறு. விடிய விடிய எடுக்கும்போது டிஸ்க் எத்தனை மணிக்கு நிரம்பும் என்று முன்கூட்டியே தெரியவேண்டும், அதனால் அங்கே 8:1 மட்டும்தான்.

இனி எதில் பதிவது என்ற விஷயம். கேமராவில் ஒரு சிஎஃபாஸ்ட் 2.0 கார்டு இடம், ஒரு எஸ்டி கார்டு இடம், யுஎஸ்பி-சி வழியாக வெளி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, சில்லில் பதியும் டிஸ்க்) என்று மூன்று வழி இருக்கிறது. 256 ஜிபி சிஎஃபாஸ்ட் கார்டு ஒன்றின் விலை கேட்டேன். அதைவிடக் குறைவான காசில் 1 டிபி எஸ்எஸ்டி கிடைத்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆனால் முதலில் வாங்கிய எஸ்எஸ்டி தப்பாகிவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்தது, பெட்டியில் நொடிக்கு 1,000 எம்பி என்று போட்டிருந்தது. எனக்குத் தேவை 112தானே என்று நினைத்தேன் (அப்போது 3:1 மோகத்தில் இருந்தேன்). ஒரு மூத்த கலைஞரின் பேட்டி. முதல் 20 நிமிடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கேமராத் திரையின் கீழே ஆச்சரியக்குறி மின்ன ஆரம்பித்தது, பதிவு நின்றது. மறுபடி அமுக்கினால் அரை நிமிடத்தில் மறுபடி நின்றது. அவர் தன் குருவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. இரண்டாவது முறை அதையே சொன்னபோது முதல் தடவை இருந்த தழுதழுப்பு அவர் குரலில் இல்லை. அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. மலிவான எஸ்எஸ்டிகள் பலவற்றில் ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் க்யூஎல்சி வகை சில்லுகள் இருக்கின்றன. அவற்றில் எழுதுவது இயல்பிலேயே மெதுவாக நடக்கும். அதை மறைக்க, காலி இடத்தில் ஒரு பகுதியை வேகமான கேஷாக (தற்காலிகமாக எழுதும் இடமாக) வைத்துக்கொள்ளும். பெட்டியில் போட்டிருப்பது அந்த கேஷின் வேகம். அது நிரம்பியதும் வேகம் தடாலென்று விழும். டிஸ்க் நிரம்ப நிரம்ப கேஷும் சுருங்கும். சூடேறினால் இன்னும் குறையும். பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீட் டெஸ்டில் போட்டுப் பார்த்தபோது அந்த டிஸ்க் அருமையாகத் தேறியது. ஏனென்றால் அந்த மென்பொருள் அதிகபட்சம் 5 ஜிபி அளவுக்குத்தான் எழுதிப் பார்க்கும், கேஷ் நிரம்பவே நிரம்பாது.

அன்றிலிருந்து புதிதாக எந்த டிஸ்க் வந்தாலும் கேமராவில் மாட்டி, மொட்டைமாடி வெயிலில் வைத்து, காலியிலிருந்து முழுவதும் நிரம்பும்வரை ஓடவிடுகிறேன். ஒரு ஃபிரேம் விட்டாலும் அது கூத்துக்கு வராது, எடிட்டிங் மேசையோடு சரி. கேமரா நிறுவனம் கையேட்டில் தரும் சிபாரிசுப் பட்டியலையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் 1 டிபி தேறியிருக்கும், 500 ஜிபி தேறியிருக்காது.

இந்தச் சோதனையில் தேறி இன்றுவரை உழைப்பவை இரண்டு சாம்சங் டி5, ஒவ்வொன்றும் 1 டிபி. 540 எம்பிதான் போட்டிருக்கும், ஆனால் நிரம்பும்வரை எனக்குத் தேவையான வேகம் குறைந்ததில்லை. 8:1-ல் ஒன்றுக்கு ஆறரை மணி நேரம் வரும். நான் அதுவரை விடுவதில்லை; இரவு 2 மணி வாக்கில், அடுத்த வேஷம் வரத் திரை பிடிக்கும் இடைவெளியில் மாற்றிவிடுவேன். எஸ்டி இடத்தில் 256 ஜிபி வி60 கார்டு ஒன்று எப்போதும் இருக்கும். வி60 என்றால் குறைந்தது நொடிக்கு 60 எம்பி எழுதும் என்று பொருள். 8:1-க்கு 42 போதும் என்பதால் வி90-க்குச் செலவழிக்கவில்லை.

அந்தக் கார்டு ஏன் என்றால், எஸ்எஸ்டி கேபிள் கழன்றால் பதிவை அதில் தொடரத்தான். இரண்டாம் வருடம், பொழுது விடியப்போகும் நேரம். கூட்டத்தில் யாரோ எழுந்து போனவரின் துண்டு எஸ்எஸ்டி கேபிளில் மாட்டி இழுத்துவிட்டது. பதிவு நின்றது மட்டுமில்லை, நாற்பது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்த கிளிப் சரியாக மூடப்படாததால் திறக்கவே இல்லை. இப்போது மூன்று காரியம் செய்கிறேன். கேமராவைக் கேஜுக்குள் (உலோகக் கூட்டுக்குள்) போட்டு, கேபிளின் இரண்டு முனையையும் கிளாம்ப் வைத்து இறுக்குகிறேன். டிஸ்கை எக்ஸ்ஃபேட் முறையில் இல்லாமல், மேக் கணினியின் எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் ஃபார்மேட் செய்கிறேன். அதில் ஜர்னல் (டிஸ்கில் நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) உண்டு, இப்படி அறுந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம் (விண்டோஸில் வேலை செய்பவர்களுக்கு எக்ஸ்ஃபேட்தான் வசதி). எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் முன் ஒரு நொடி நிறுத்தி மறுபடி ஓடவிடுகிறேன். போனாலும் ஒரு துண்டுதான் போகும். கூத்தை நடத்தும் வாத்தியாருக்கும் இது பழகிவிட்டது. திரை பிடித்ததும் என் பக்கம் பார்த்து, "தம்பி, மிஷினு ஓடுதா?" என்பார். நான் தலையசைத்த பிறகுதான் விருத்தத்தை எடுப்பார்.

கேமராவைப் பற்றியும் கொஞ்சம். ஐஎஸ்ஓ (ஒளிக்கு சென்சார் காட்டும் உணர்திறன்) 400, 3200 என்று இரண்டு அடிப்படை. 1250-லிருந்து மேலே இரண்டாவது மின்சுற்றுக்குப் போய்விடும். அதனால் 1000-ல் எடுப்பதைவிட 1250-ல் நாய்ஸ் (படத்தில் வரும் புள்ளிகள்) குறைவு. இது தெரியாமல் ஒரு சீசன் முழுக்க 800, 1000 என்று எடுத்துவைத்திருக்கிறேன். இப்போது இரவு என்றால் நேராக 3200. லென்ஸ் சிக்மா 18-35, 0.71 ஸ்பீட் பூஸ்டரோடு (லென்ஸின் ஒளியைச் சுருக்கிக் குவிக்கும் அடாப்டர்). தொடர் ஆட்டோஃபோகஸ் இந்தக் கேமராவில் கிடையாது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கிறுகிறுவென்று சுற்றி வரும்போது கை ஃபோகஸ்தான், அதனால் துளையை 2.8-க்குக் கீழே திறப்பதில்லை. மின்சாரத்துக்கு உள்ளே போடும் எல்பி-ஈ6 பேட்டரி ஒரு மணி நேரக் கணக்குதான், எஸ்எஸ்டியும் அதிலிருந்தே இழுக்கும். 98 வாட்-ஹவர் வி-மவுண்ட் வெளி பேட்டரி மூன்று கொண்டுபோகிறேன். ஒன்று ஏறக்குறைய நாலு மணி நேரம் வரும்.

காலையில் கலைஞர்கள் அரிதாரத்தைக் கலைக்கும்போதே நான் காப்பி போட ஆரம்பித்துவிடுவேன். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் குளோன் டூல் இருக்கிறது; இழுத்துப் போடுவதுபோல இல்லாமல், எழுதிய ஒவ்வொரு ஃபைலையும் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சோதனை எண்) வைத்துச் சரிபார்க்கும். 1.2 டிபி சாதாரண ஹார்ட் டிஸ்கில் ஏற இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு டிஸ்கிலும் ஏறிய பிறகுதான் எஸ்எஸ்டியை அழிப்பேன். ஒரு டிஸ்க் என் வீட்டில், இன்னொன்று அக்கா வீட்டில். எஸ்எஸ்டியிலேயே வருடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். மின்சாரம் காட்டாமல் கிடந்தால் செல்லில் உள்ள சார்ஜ் மெல்லக் கசியும்.

கல்யாணம் எடுப்பவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். சோனி எஃப்எக்ஸ்3 போன்றவற்றில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதியலாம், முகத்தைத் தொடரும் ஆட்டோஃபோகஸ் உண்டு. அதன் உயர்ந்த எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ வடிவமே 4கே 25 ஃபிரேமில் 250 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்), அதாவது மணிக்கு 112 ஜிபி. தாலி கட்டும் நேரத்துக்கு அந்த இரண்டாவது கார்டு பெரிய தைரியம்.

எனக்கு இந்தக் கேமராவே போதும். ஒரு சீசனுக்குப் பத்து இரவு என்றால் 12 டிபி, இரண்டு பிரதிக்கு 24. பங்குனி திரௌபதி அம்மன் திருவிழாக்கள் தொடங்குவதற்குள் அதற்குப் போதுமான ஹார்ட் டிஸ்க் வாங்கவேண்டும்.