அடக்கும் நியூரானைப் பின்தொடர: சுண்டெலியா, வெட்டுக்கிளியா?

மணம் பட்டதும் மூளையின் அடக்கும் நியூரான்கள் (மற்ற நரம்புச் செல்களின் செயல்பாட்டைத் தணிப்பவை) என்ன செய்கின்றன என்று பார்க்கக் கிளம்பினால், முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தப் பிராணி என்பதைத்தான். நான் சுண்டெலியில் ஆறு மாதம் இருந்துவிட்டு வெட்டுக்கிளிக்கு மாறியவன். என் பேச்சு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

சுண்டெலியின் பலம் தெரிந்ததே: பாலூட்டி, மரபணுக் கருவிகள் ஏராளம், பழக்கவும் முடியும். மணத்தை முதலில் கையாளும் மூளைப் பகுதியான அதன் முகர்குமிழில் அடக்கும் வேலையைப் பெருமளவு கிரானுல் செல்கள் பார்க்கின்றன. இவற்றுக்கு, சமிக்ஞையை வெளியே அனுப்பும் நீண்ட இழையான ஆக்ஸானே கிடையாது. வழக்கமாகச் சமிக்ஞையை வாங்கும் கிளையான டெண்ட்ரைட் வழியாகவே, மணச் செய்தியை மூளையின் மற்ற பகுதிகளுக்கு அனுப்பும் மைட்ரல் செல்கள்மீது காபா என்ற அடக்கும் வேதிப்பொருளை விடுகின்றன. மைட்ரல் செல்களைவிட இவை பல பத்து மடங்கு அதிகம். எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். இன்று பதிவு செய்த செல்லை நாளை இன்னொரு எலியில் தேடிப் பிடிக்க வழியில்லை. மயக்க மருந்து கொடுத்தாலோ இவற்றின் செயல்பாடே குறைந்துவிடுகிறது.

வெட்டுக்கிளியில் கதை வேறு. மூளையின் காளான் வடிவப் பகுதியில், பக்கத்துக்கு ஒன்றே ஒன்றாக, ஜிஜிஎன் என்ற ராட்சத காபா நியூரான் இருக்கிறது. அந்தப் பகுதியின் நியூரான்களான சுமார் 50,000 கென்யான் செல்களின் பேச்சையும் கேட்டு, அவை அத்தனையையும் திருப்பி அடக்குவது இந்த ஒரு செல். 2011-இல் நரம்பியலாளர் ஜில் லோரானின் குழு இதைக் காட்டியது. மயக்க மருந்தும் தேவையில்லை.

மெழுகுக் கிண்ணத்தில் பூச்சி, உணர்கொம்புக்கு எதிரே குழாய், அதில் ஹெக்ஸனால். வெட்டிய புல்லின் வாசம். ஒரு வினாடி ஊதினால், திரையில் ஜிஜிஎன்னின் மின்னழுத்தக் கோடு, ஸ்பைக் எனும் திடீர் மின்துடிப்பு ஒன்றுகூட இல்லாமல் மெல்ல ஏறும். ஏறிய இடத்தில் வினாடிக்கு 20 முறை போல நெளியும். செறிவைக் கூட்டினால் இன்னும் உயரும். சில மணங்களுக்குக் கீழே இறங்கவும் செய்யும், ஏனென்றால் ஜிஜிஎன்னையும் அடக்க வேறொரு நியூரான் இருக்கிறது. இந்த இறக்கம் செல்லுக்குள் குத்திய எலக்ட்ரோடில் அப்படியே தெரியும். செல்லுக்குள் கால்சியம் கூடுவதை ஒளியாகக் காட்டும் கால்சியம் ஒளிப்படத்தில் எளிதில் தவறிவிடும்.

என்னை மாற வைத்தது ஒரே விஷயம்: நாளைக்கும் அதே செல். நேற்றைய பூச்சியின் கோட்டை இன்றைய பூச்சியின் கோட்டோடு தயங்காமல் ஒப்பிடலாம். வித்தியாசம் வந்தால், வேறு செல்லைக் குத்திவிட்டோமோ என்ற சந்தேகம் இல்லை. எலியில் ஒவ்வொரு வரைபடத்திலும் அந்தச் சந்தேகத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். அங்கே நூற்றுக்கணக்கான செல்களைச் சேர்த்துச் சராசரியாகப் பேச வேண்டும். அதுவும் நல்ல அறிவியல்தான், ஆனால் என் கேள்விக்கு அது பொருந்தவில்லை.

குறையும் உண்டு. ஜிஜிஎன்னை மட்டும் மரபணு வழியாக அணைத்துப் பார்ப்பது வெட்டுக்கிளியில் லேசில்லை. அதற்குப் பழ ஈ இருக்கிறது. அதிலும் ஏபிஎல் என்று பக்கத்துக்கு ஒரு செல். கென்யான் செல்கள் 2,000 அளவில்தான். ஏபிஎல்லின் வாயை அடைத்தால், ஒன்றுக்கொன்று நெருக்கமான மணங்களைப் பிரித்தறிய ஈயால் கற்க முடிவதில்லை என்று 2014-இல் காட்டினார்கள். ஈயில் நான் கை வைத்ததில்லை, படித்ததைத்தான் சொல்கிறேன்.

சரி, மணத்தைக் கற்பதில் அடக்கும் செல்லின் பங்கு என்ன என்பது உங்கள் கேள்வியானால் ஈக்கோ எலிக்கோ போங்கள். மணத்தோடு ஒரு செல்லின் மின்னழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதானால், வெட்டுக்கிளித் தீவனத்துக்கு இப்போதே இரண்டு தட்டில் கோதுமைப்புல் விதைத்துவிடுங்கள்.