ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் ரிதமிக் ரொட்டீன்: வீடியோ பாத்து கத்துக்கவா, எழுத்துல படிச்சா?

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்னா அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கான விளையாட்டு, அதுல ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ்னா பந்து, ரிப்பன் மாதிரி வச்சு மியூசிக்குக்கு ஆடுறது. அதோட கம்பல்சரி ரொட்டீன்ல (எல்லாரும் ஒரே மாதிரி ஆட வேண்டியது) மியூசிக், அசைவு எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணினது, நாமளா எதையும் மாத்த முடியாது, அதான் எதை வச்சு சொல்லிக் குடுக்குறதுன்னு புதுசா வர்ற கோச்சுங்க குழம்புறாங்க.

வேகம்: வீடியோ உடனே மனசுல ஒட்டும். எழுத்துல ஒரு எட்டு கவுண்ட் (மியூசிக்ல ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் எண்ணுற பகுதி) படிச்சு புரிஞ்சுக்கவே அரை மணி நேரம் போயிடும்.

இடது வலது: இங்கதான் வீடியோ காலை வாரும். ஆடுற பொண்ணு நம்மள பாத்து நின்னா அவ வலது கை நமக்கு இடது பக்கம் தெரியும், பசங்க அப்படியே காப்பி அடிச்சு பந்தை தப்பான கையில உருட்டுவாங்க, பழகினப்புறம் மாத்துறதுக்குள்ள உயிரே போயிடும் (நான் பட்டிருக்கேன்). எழுத்துல 'வலது கை'ன்னு நேரா இருக்கும்.

திருத்தம்: ரிப்பன்ல சின்ன சுருள் எல்லாம் மணிக்கட்டுல இருந்து சுத்தணும், தோள்ல இருந்து இல்ல, வீடியோல இதெல்லாம் சட்டுனு கண்ணுல படாது, எழுதி வச்சிருந்தா படிச்சு திருத்தலாம்.

செலவு: ரெண்டுக்கும் பெருசா ஒண்ணும் ஆகாது.

டவுன் சிண்ட்ரோம் பசங்கள்ல நிறைய பேர் கண்ணால பாத்துதான் சீக்கிரம் பிடிப்பாங்க, அவங்களுக்கு வீடியோ, அதுவும் முதுகு காட்டி எடுத்தது. கோச்சுக்கு எழுத்து. பார்வை குறைவா இருந்தா கவுண்ட் சத்தமா சொல்லி, அவங்ககிட்ட சம்மதம் கேட்டுட்டு கையப் பிடிச்சு சொல்லிக் குடுங்க.