கீபோர்டு வழியாக டேப்லெட் சார்ஜ்: இரண்டரை வருட அனுபவம்

டேப்லெட்டின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கீபோர்டை இரண்டரை வருடமாகப் பயன்படுத்துகிறேன். தினமும் மூன்று நான்கு மணி நேரம் அதில்தான் எழுத்து வேலை. டைப் செய்வதில் எந்தக் குறையும் இல்லை. என்னை அலைக்கழித்ததெல்லாம் அதன் ஓரத்தில் இருக்கும் டைப்-சி போர்ட்தான்.

வாங்கிய வாரமே அதில் ஒரு பென் டிரைவைச் செருகினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பென் டிரைவ் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். அப்புறம் கையேட்டைப் பார்த்தால், அந்த போர்ட் சார்ஜுக்கு மட்டும்தானாம், டேட்டா போகாது. டேப்லெட்டிலேயே உள்ள போர்ட்டில் செருகியதும் பென் டிரைவ் திறந்துகொண்டது. பெட்டியின் மேலேயே இதைப் பெரிதாக அச்சிட்டிருக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்து வேறொரு தொல்லை. கீபோர்டில் கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறும், இரண்டு நொடியில் நிற்கும், மறுபடி ஏறும். நடுநடுவே 'இந்தத் துணைக்கருவிக்கு ஆதரவு இல்லை' என்ற எச்சரிக்கை வேறு. பேட்டரி போய்விட்டதோ என்ற பயம். அதே கேபிளை நேரடியாக டேப்லெட்டில் செருகிப் பார்த்தேன், ஒழுங்காக ஏறியது. ஆக, சார்ஜர், கேபிள், பேட்டரி மூன்றும் சரி. டேப்லெட்டைக் கழற்றி, பின்பக்கம் இருக்கும், கீபோர்டிலிருந்து மின்சாரத்தை வாங்கும் மூன்று பொன்னிறப் புள்ளிகளை டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நடுப்புள்ளி மட்டும் மங்கி, விரல்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் டேப்லெட், கீபோர்டு இரண்டு பக்கப் புள்ளிகளையும் துடைத்து, காயவிட்டு மாட்டினேன். எச்சரிக்கை போய்விட்டது. இப்போது மாதம் ஒருமுறை துடைக்கிறேன், திரும்ப வரவில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய 5 வாட் போன் சார்ஜரை மாட்டிவிட்டு முழு வெளிச்சத்தில் வீடியோ பார்த்தால், சார்ஜில் இருக்கும்போதே சதவீதம் குறையும். அது கோளாறு இல்லை, செலவு வரவை மிஞ்சுகிறது, அவ்வளவுதான். 20 வாட் சார்ஜர் மாற்றியதும் சரியானது.

ஒருமுறை டேப்லெட்டின் சொந்த போர்ட்டில் 'ஈரம் உள்ளது' என்று எச்சரிக்கை வந்தது. பையில் தண்ணீர் பாட்டில் வியர்த்திருந்தது. இதை அலட்சியப்படுத்தாதீர்கள், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் பின்கள் அரித்துப்போகும். போர்ட்டைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டிவிட்டுக் காற்றில் வைத்தேன். பஞ்சு நுழைக்கவில்லை, ஹேர் டிரையரும் வேண்டாம். அன்றைய வேலையைக் காப்பாற்றியது கீபோர்டு போர்ட்தான். மின்சாரம் அந்தப் பொன்னிறப் புள்ளிகள் வழியாகப் போவதால், ஈரமான போர்ட்டைத் தொடாமலே சார்ஜ் ஏறியது. அத்தனை நாள் திட்டியதற்கு அன்று மனசு கேட்கவில்லை.

பயணத்துக்கென்று தனியாக ஒரு புளூடூத் கீபோர்டும் வைத்திருக்கிறேன். அதற்குச் சொந்த பேட்டரி. இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் அது சார்ஜ் ஆகவே ஆகாது, விளக்குகூட எரியாது. ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பி உள்ள கேபிளில் உடனே ஏறும். காரணம், டைப்-சி சார்ஜர் எதிரே ஒரு கருவி இருப்பது தெரிந்தால்தான் மின்சாரத்தைத் திறந்துவிடும். அதைத் தெரிவிப்பது கருவிக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள் (ரெசிஸ்டர் என்னும் சின்ன உதிரிபாகங்கள்). சில மலிவான கருவிகளில் அவற்றை வைப்பதில்லை. பழைய வகை போர்ட் எதையும் கேட்காமல் 5 வோல்ட் கொடுத்துவிடும். இரண்டு சின்ன மின்தடைகளை மிச்சம் பிடித்து, வாங்கியவரை இப்படித் தவிக்கவிடுவது நியாயமே இல்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். அந்தப் பழைய கேபிளை நான் கீபோர்டு உறைக்குள்ளேயே சுருட்டி வைத்திருக்கிறேன்.