கன்டெய்னருக்கு இரண்டு முறை போட்ட அஸ்திவாரம்: ஆறு வருட அனுபவம்

சாமான்கள் போட்டுவைக்க 20 அடி கன்டெய்னர் ஒன்றை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பெட்டி இன்னும் கல் மாதிரி இருக்கிறது. தகராறு செய்தது அடியில் இருந்த தரைதான்.

முதலில் மண்ணைக் கொஞ்சம் செதுக்கி, பழைய ரயில் கட்டைகளைக் குறுக்கே போட்டு இறக்கிவிட்டேன். இரும்புப் பெட்டிதானே, எங்கே வைத்தாலும் நிற்கும் என்ற நினைப்பு. முதல் மழைக்காலம் முடிந்ததும் வலது கதவு முரண்டு பிடித்தது. பூட்டுக் கம்பியின் கைப்பிடியில் தொங்கினால்தான் திறக்கும். கீலில் துரு என்று எண்ணெய் விட்டேன், கிரீஸ் தடவினேன். ஒரு மாதம் கழித்துத்தான் தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு கதவுகளின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் இல்லை. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடித்தால், கதவுப் பக்கம் ஒரு மூலை இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. கூரைத் தண்ணீர் கொட்டி மண் ஊறிய மூலை அது.

குனிந்து அடியில் பார்த்தால் விஷயம் புரியும். நான்கு மூலையிலும் துளையுள்ள இரும்புக் கட்டிகள், கார்னர் காஸ்டிங், பக்கச் சட்டத்தைவிடச் சற்றுக் கீழே நீண்டிருக்கும். மொத்த எடையும் அவற்றில்தான் இறங்குகிறது. காலிப் பெட்டியே சுமார் 2,200 கிலோ இருக்கும். சாமானோடு எட்டு டன் என்றால் மூலைக்கு இரண்டு டன். அதைத் தாங்கும் அடிப்பரப்போ வெறும் 18க்கு 16 சென்டிமீட்டர்தான். மற்ற மூன்று பக்கமும் மடிப்புத் தகடு விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். கதவுப் பக்கம் வெறும் சட்டம். அதனால் பெட்டி கோணினால் முதலில் மாட்டிக்கொள்வது கதவு.

முழு கான்கிரீட் தளம் போடச் சொன்னார்கள். நல்லதுதான், ஆனால் நான்கு புள்ளியில் நிற்கும் பொருளுக்கு அது வீண் செலவு என்று எனக்குப் பட்டது. சாமானை வெளியே எடுத்து, ஜாக்கி போட்டு, ஒவ்வொரு மூலையாகத் தூக்கி முட்டுக் கொடுத்தேன். (முட்டு இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடவே கூடாது.) மேல்மண்ணை எடுத்து, கெட்டி மண் தட்டும் வரை ஒன்றரை அடி தோண்டினேன். ஜல்லி போட்டுத் திமிசு அடித்து, அதன்மேல் இரண்டடிக்கு இரண்டடி கம்பி கட்டிய கான்கிரீட். நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரத்தான் ஒரு நாள் முழுக்கப் போனது. மிச்சமிருந்த வித்தியாசத்துக்கு இரும்புத் தகடு சொருகினேன். பின்பக்கம் மட்டும் ஒரு சென்டிமீட்டர் தாழ்வாக விட்டேன், கூரைத் தண்ணீர் கதவுப் பக்கம் வராமல் இருக்க. நடுவில் முட்டு எதுவும் வைக்கவில்லை. 20 அடிக்கு அது தேவைப்படவும் இல்லை.

அப்புறம் ஐந்து மழைக்காலம் போய்விட்டது. கதவு ஒரு கையில் திறக்கிறது. அடியில் துணி விரித்து ஜல்லி கொட்டியதால் புல்லும் இல்லை, காற்றும் ஓடுகிறது. ஒரே வருத்தம் தரைக்கும் பெட்டிக்கும் நடுவே விட்ட உயரம்தான். ஆறு அங்குலம் போதும் என்று விட்டுவிட்டேன். இப்போது அடிச்சட்டத்தில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்க, ஜல்லிமேல் கவிழ்ந்து படுத்து, நீளக் கழியில் பிரஷைக் கட்டித் துழாவ வேண்டியிருக்கிறது.